பெரிய கப்பலா, உன் கப்பலா

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருஷமாக இன்னும் உயிரோடு இருக்கும் உன் தையல்கார அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, எங்கள் மகள், கடையில் இருக்கும் இரண்டு தையல் மிஷின்கள் எல்லாரும் சுகம். மிஷினில் ஒன்றுக்கு மட்டும் லேசாக இருமல். அங்கே நீயும் உன் கப்பலும் தண்ணீருக்கு மேலேயே இருக்கிறீர்கள் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம்! எனக்குத் தெரிந்து நீ பரீட்சையில்கூட அவ்வளவு எழுதியதில்லை. மகள் ஆஸ்பத்திரி வேலையில் நிரந்தரமானதும் எங்கள் இரண்டு பேரையும் எங்கேயாவது கப்பலில் அனுப்பிவைக்கிறேன் என்று சொன்னதையும், அவள் வாயை மூடுவதற்குள் உன் அக்கா "அப்ப என் தம்பி வேலை பாக்குற கப்பல்லதான்" என்று சொன்னதையும்தான் உனக்கு எழுதியிருந்தோம். அதற்கு நீ என்ன செய்திருக்கிறாய்? பதினோரு வருஷமாக உனக்குச் சோறு போடும் கப்பலை நாலு பக்கம் திட்டித் தீர்த்திருக்கிறாய். பழசாம், சின்னதாம், லிஃப்ட் ஏறும்போது முனகுமாம், வெந்நீர் வருவதற்குள் குளிக்கிற ஆசையே போய்விடுமாம், ஜன்னல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் இருக்குமாம், காற்று அடித்தால் மேஜையில் இருக்கிற கரண்டியெல்லாம் ஒரே பக்கமாக ஊர்வலம் போகுமாம். அதே கம்பெனியின் புதுக் கப்பலுக்குப் போங்கள், பதினெட்டு மாடி, ஏழு நீச்சல் குளம், உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு வரலாம் என்று எழுதியிருக்கிறாய். உன் அக்காவின் முழங்காலை மனதில் வைத்துத்தான் அந்தச் சறுக்குமரத்தை எழுதினாயா? அவள் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்துவிட்டு, "பாத்தீங்களா, என் தம்பிக்கு என் மேல எவ்வளவு அக்கறை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கறை இருக்கட்டும். அவன் அடிக்கிற பேப்பர்லயும் தினம் இப்படித்தான் போடுவானா? கப்பல் சரியில்ல, எல்லாரும் இறங்கிப் போங்கன்னு?" என்றேன்.

"உங்களுக்கு எப்பப் பாத்தாலும் கிண்டல். அவன் உண்மையை எழுதுறவன்."

நீ கப்பலில் பிரஸ்ஸில் இருக்கிறாய், அங்கே தினமும் காலையில் வரும் பேப்பரை நீதான் அச்சடிக்கிறாய் என்பது எங்கள் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். இதைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிடாதே. கொஞ்சம் பொறு, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் டிக்கெட் ஏஜென்சிக்குப் போன கதையைக் கேள். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பொறுமைசாலி. இரண்டு கப்பல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பைப் பிடுங்கித் தண்ணீரில் வைத்த மாதிரி இருந்தது. இன்னொன்று கப்பல் மாதிரி இருந்தது.

"பெரிசுல எத்தனை பேர் இருப்பாங்கம்மா?" என்று உன் அக்கா கேட்டாள்.

"அஞ்சாயிரம் பேர் மேடம்."

"ஐயோ, அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல பசிச்சா?"

"சாப்பாட்டு ஹாலே பன்னிரண்டு இருக்கு மேடம்."

"அப்ப இவர் தொலைஞ்சு போனா எந்த ஹால்ல போய்த் தேடுறது?"

"நீ தேடாதே. என்னை ரெண்டு நாள் வச்சிருந்து பாத்துட்டுக் கம்பெனியே திருப்பிக் கொடுத்துடும்" என்றேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு கப்பலைப் பற்றியும் ஓரவஞ்சனை இல்லாமல் எடுத்துச் சொன்னாள். பெரிசு அவ்வளவாக ஆடாது, எல்லாம் புதுசு, பொழுது போகவில்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் சின்னத் துறைமுகங்களில் நுழையாது, இறங்க ஏற வரிசையில் நிற்க வேண்டும். சின்னதில் அறுநூறு பேர்தான், ஊருக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும், இரண்டாம் நாளே பரிமாறுகிறவர் உங்களுக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வார். ஆனால் ஆடும், அறைகள் கொஞ்சம் நெருக்கம். இத்தோடு நிறுத்தியிருந்தால் உன் நாலு பக்கமே ஜெயித்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. "புதுக் கப்பல்ல எல்லா அறிவிப்பும் போன்லயே வந்துடும் மேடம். பழைய கப்பல்லதான் இன்னும் தினம் காலையில ஒரு பேப்பர் அடிச்சுக் கதவுக்கு அடியில சொருகுவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

உன் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அதை யாரு அடிக்கிறதுன்னு தெரியுமா? என் தம்பி!" பின்னால் காத்திருந்த ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அவளை வாழ்த்தினார்கள், ஒருவர் என் கையையும் பிடித்துக் குலுக்கினார். வீடு வரும் வரைக்கும் ஒரே புலம்பல். எல்லாரும் புதுக் கப்பலுக்கே போய்விட்டால் என் தம்பி பேப்பரை யார் படிப்பது, அறுநூறு பேரில் நாம் இரண்டு பேர் குறைந்தால்கூட அவன் மனசு என்ன பாடுபடும் என்று. அந்த அறுநூறில் நாம் எப்போது சேர்ந்தோம், இப்போது குறைய என்று கேட்டேன். கிண்டல் என்றாள்.

சரி, அறை நெருக்கத்தைக் காட்டினால் பின்வாங்குவாள் என்று நான் ஒரு வேலை செய்தேன். படத்தில் போட்டிருந்த அளவை இஞ்சுக்கு மாற்றி, டேப்பைப் பிடித்து, துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் உன் கப்பல் அறையைக் கடைத் தரையில் அப்படியே வரைந்தேன். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, குளியலறை. குளியலறை என் கடையில் பேண்ட் போட்டுப் பார்க்கும் மறைப்பைவிட நாலு இஞ்சு சின்னது, மச்சான். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு கணக்கு வாத்தியார் பேண்ட் வாங்க வந்தார். நேராக நடந்து வந்தவரைப் பார்த்து உன் அக்கா "நில்லுங்க! அது கடல்!" என்று கத்திவிட்டாள். பாவம், அவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றார்.

"இல்ல... என் பேண்ட்..."

"கதவு இந்தப் பக்கம் சார், சுத்தி வாங்க" என்றேன்.

அவர் சுற்றி வந்து, இல்லாத கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். படித்தவர் படித்தவர்தான். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று மெதுவாக விசாரித்தார். அதோடு விட்டேனா? பால்கனி வைத்த பெரிய கப்பல் அறையையும் வரைந்தேன். அது கடையில் அடங்காமல் பால்கனி தெருவுக்குப் போய்விட்டது. நான் அங்கே ஸ்டூலைப் போட்டுக் கடலைப் பார்க்கிற தோரணையில் உட்கார, ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு பால்கனிக்குள் புகுந்து வெளியே போனான். உள்ளே திரும்பிப் பார்த்தால், உன் அக்கா அந்தச் சின்ன அறையைவிட்டு வரவே இல்லை. சுவர்ப் பக்கம் காதை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"இங்க வாயேன், காத்து நல்லா வருது" என்றேன்.

"நீங்க இருங்க. இந்த மாதிரி சின்ன இடம்னா, அவன் வெளிய நடந்து போற சத்தம் கேக்கும்ல?" என்றாள்.

நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன், மச்சான். அவள் உன்னைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

இனிமேல்தான் விஷயம். உன் அக்கா இப்போது கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள், அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். கப்பலில் சேர்ந்ததும் நீ போன் பண்ணி, இரைச்சலுக்கு நடுவில் "அக்கா, என்னை பிரஸ்ல போட்டிருக்காங்க" என்று கத்தினாயே, அது துணி தேய்க்கிற பிரஸ் என்பது எனக்கு முதல் வருஷமே தெரியும். நீ அனுப்பிய பார்சலைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. எனக்கு வந்த ஆறு சட்டையும் ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி மடித்திருந்தது. சட்டைக் கையில் இஸ்திரிக் கோடு இரண்டாக விழவில்லை, காலர் கழுத்தில்லாமலே நிமிர்ந்து நின்றது. முப்பது வருஷமாகத் துணியோடு கிடக்கிறவனிடமா மறைப்பாய்? பேப்பர் அடிக்கிறவன் கட்டைவிரலில் மை இருக்கும், லீவில் வந்த உன் கட்டைவிரலில் சூட்டுத் தழும்பு இருந்தது. நீ பொய் சொல்லவில்லை, அவள் தப்பாக எடுத்துக்கொண்டாள், நீ திருத்தவில்லை. ஒரு வாரம் திருத்தாமல் விட்டதைப் பிறகு பதினோரு வருஷம் திருத்த முடியவில்லை, அவ்வளவுதானே? கடைசியாக நீ வந்தபோது எங்கள் தெருவில் இருக்கும் அந்த ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் கப்பல் பேப்பரில் போடச்சொல்லி நாற்பது கவிதையைக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தார். மறுநாள் காலையிலேயே "கப்பல்ல அவசரமாக் கூப்பிடுறாங்க" என்று பத்து நாள் லீவை விட்டுவிட்டு ஓடினாய். அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கவிதையைப் பார்த்து ஓடினாயென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அக்காவைப் பார்த்து ஓடுவதில் இல்லை. அடுத்தவன் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துத்தான் நான் குடும்பத்தை ஓட்டினேன், அதற்காக யாரும் என்னை ஒதுக்கவில்லை.

இருந்தாலும், உன் ரகசியத்தை உடைக்கிறவன் நான் இல்லை. நீ கேட்டபடியே முடித்துவிட்டேன். "பிரஸ்காரங்க பயணிகளோட பேசக்கூடாதாம், செய்தி கசிஞ்சிடுமாம், கேப்டன் சட்டம் போட்டிருக்காராம், நாம போனா அவன் வேலைக்குத்தான் ஆபத்து" என்று உன் அக்காவிடம் சொன்னேன். நான் இதுவரை அவளிடம் விட்ட பொய்களிலேயே அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது அதுதான். கிண்டல் என்றுகூடச் சொல்லவில்லை. "அப்ப வேண்டாம்" என்றாள். தரையில் இருந்த சின்ன அறையை அவளே துணியை நனைத்துத் துடைத்தாள். நாளைக்குப் போய்ப் பெரிய கப்பலில் எங்கள் பெயரைப் பதிந்துவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த லீவுக்கு வீட்டுக்கு வா. வேண்டுமானால் வரும்போது விரலில் கொஞ்சம் மை தடவிக்கொண்டு வா, போஸ்ட்மாஸ்டரை நான் வாசலிலேயே பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துக் கடலில் போடு. நான் சொன்னது உன் அக்காவுக்குத் தெரியவே கூடாது.

உன் உடம்பு நலமாக இருக்கவும், உன் லிஃப்ட் நடுவழியில் நிற்காமல் ஓடவும், கடல் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளவும் வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: கப்பல் கம்பெனி விலாசம் எனக்குத் தப்பும் தவறுமாகத்தான் எழுத வரும். அதனால் கடிதத்தை உள்ளே வைத்து, உறையை உன் அக்காவிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். உறையை ஒட்டவில்லை என்பது கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். நான் பத்து நிமிஷம் நூல் இல்லாமலே ஊசி கோத்துக்கொண்டிருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அங்க ரொம்பச் சூடா இருக்குமா?" என்று கேட்டாள். எங்கே என்றேன். "அவன் தேய்க்கிற இடத்துல. பதினோரு வருஷமா நின்னுக்கிட்டேதான் இருப்பானா?" என்றாள். தெரியாது என்றேன். அதற்குப் பிறகுதான், இத்தனை வருஷம் என்னிடம் மறைத்தீர்களே என்று எனக்குக் கிடைத்தது. அதை இங்கே எழுத முடியாது. வாங்கி முடிந்ததும் நேராக ஏஜென்சிக்கு இழுத்துக்கொண்டு போய், உன் கப்பலில் பதிந்துவிட்டாள். துணி தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்து அறை எது என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையைக் கேட்டு வாங்கியது நீங்கள்தான் என்று அந்தப் பெண் சொன்னாள். அடுத்த மாதம் வருகிறோம். இப்போது என் தோளுக்கு மேலே நின்றுகொண்டு, நான் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள் என்கிறாள், எழுதுகிறேன்: "தம்பி, நாங்க வர்றப்ப எங்கயும் ஒளிஞ்சுக்காதே. ஒளிஞ்சேன்னா, தேய்க்கக் கொடுக்கிற சாக்குல தினம் வந்து நிப்பேன். என்கிட்ட நிறையத் துணி இருக்கு."