ரப்பர் அழிக்காத வரி

கள்ளக்குறிச்சியில் வேலை கிடைக்காமல் அலைபவர்களில் பாதிப் பேர் ரப்பர் என்று ஊரே கூப்பிடும் ஒருவனால் கெட்டவர்கள் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். மீதிப் பேர் அவன் கடைக்கு இன்னும் போகாதவர்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் ஜெராக்ஸ் கடை. பயோடேட்டாவும் அடித்துத் தருவான். மற்ற கடைகளில், இல்லாததைச் சேர்ப்பார்கள். இவன் இருப்பதை அழிப்பான். அதனால்தான் அந்தப் பெயர். ஒருமுறை 'கடின உழைப்பாளி' என்று எழுதி எடுத்துவந்த ஆளிடம் கேட்டான்.

"மணி இன்னா?"

"பதினொன்ற."

"பல்லு வெளக்கிட்டியா?"

ஆள் நெளிந்தார். வரி போயிற்று.

'ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன்' என்று போட்டிருந்த ஒரு பெண்ணைப் பேசிக் காட்டச் சொன்னான். அவள் பேசினாள். இவனுக்குத்தான் ஒரு சொல்லும் புரியவில்லை. "சரி, இது இருக்கட்டும்மா" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான்.

இவனிடம் நான் போய் மாட்டியது என் நாற்பத்திரண்டாம் வயதில். சென்னையில் நான் படம் வரைந்துகொண்டிருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, முதலில் குறைந்தது நான். ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே இணையத்தில் ஓவிய வேலை பிடிக்கலாமென்று எட்டு மாதம் முயன்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனைவியின் தம்பி ரிஷிவந்தியத்தில் உரக்கடை வைத்திருக்கிறார்.

"பொங்கல் வரிக்கும் பாருங்க மாமா. அப்பால நம்ம கடையில வந்து குந்திக்கோங்க" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் மீதி ஆயுசை யூரியா மூட்டைகளுக்கு நடுவில் கழிப்பதை நினைத்ததும் ரப்பர் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

என் இணையப் பக்கத்தை ரப்பரிடம் காட்டினேன். முதல் வரியே, 'உலகத் தரம் வாய்ந்த படைப்பாளி.'

"உலகத்துல எங்கெங்கண்ணே போயிருக்கீங்க?"

"பெங்களூரு."

அழித்துவிட்டான்.

அடுத்தது, கல்வராயன் மலை அருவி முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு நான் நின்ற போட்டோ.

"அருவி நல்லா வுயிந்துகினு இருக்கு. உங்க மூஞ்சி எங்கண்ணே?"

அதுவும் காலி. கண்ணீர் வடிக்கும் கண், மழையில் நனையும் ரோஜா என்று நான் ஏற்றியிருந்த ஓவியங்கள் அத்தனையும் வரிசையாகப் போயின. தப்பியது ஒன்றே ஒன்று. மலையிலிருந்து வந்த பஸ்ஸைவிட்டுப் புளி மூட்டையோடு இறங்கும் பெண்கள்.

"இது மாரி இன்னும் கீதா?"

"ஒரு நோட்டு நிறைய இருக்கு. எல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருந்தப்ப சும்மா கிறுக்கினது தம்பி."

"அதான் நல்லாக்கீது. எட்த்தாந்து குட்த்துட்டு வூட்டுக்குப் போங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு வெளியூர்ப் பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல். குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்குப் பன்னிரண்டு படம், இருபது நாளில் வேண்டும். 'படங்கள் பிடித்தன. சொன்ன தேதிக்குத் தவறாமல் முடித்துத் தருவார் என்ற வரி அதைவிடப் பிடித்தது.'

எந்த வரி? பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியில் நிஜமாகவே இருந்தது. சொன்ன தேதிக்கு நான் எதையுமே முடித்ததில்லை. என் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை எங்கே என்று தேட வைத்தவன் நான். கம்பெனி என்னை முதலில் அனுப்பியதும் அதனால்தான். ரப்பரிடம் அதை நானே சொல்லியிருந்தேன்.

கடைக்கு ஓடினேன்.

"என்னப்பா இது, பச்சைப் பொய்! ஊரார் பொய்யையெல்லாம் அழிக்கிறவன் நீ!"

"பொய்தாண்ணே" என்றான், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாத்தியும் அழிச்சதும் பக்கம் மொட்டையா இருந்துச்சி. மனசு கேக்கல, ஒண்ணு போட்டுட்டேன். நீங்க அத நெசமாக்கிடுங்க."

பத்தொன்பதாம் நாள் படங்களை அனுப்பினேன். மைத்துனர் உரக்கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். நான்கு வருடமாகிறது, ஒரு தேதிகூடத் தவறவில்லை, காய்ச்சலிலும் வரைந்திருக்கிறேன். பத்திரிகை ஆசிரியர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்ட இந்தக் கட்டுரையை வியாழக்கிழமையே அனுப்புகிறேன். என் பெயர் கெடுவது எனக்கொன்றும் புதிதில்லை. ஆனால் அந்தப் படுபாவி வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னான், அதையும் எனக்காகச் சொன்னான். அவனைப் பொய்யனாக்க எனக்கு மனசு வராது.