பதினோராவது நாற்காலிக்காரர்

"ஆரம்பத்திலேயே நானும் இருந்தேனாக்கும்" என்று சொல்லும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு காரியம் தொடங்கும்போது இந்த இனத்தாரைத் தேடினால் அகப்படமாட்டார். பாதி வழியில் ஏச்சும் பேச்சும் விழும்போது ஊரிலேயே இருக்கமாட்டார். எல்லாம் முடிந்து மாலை மரியாதை தொடங்கி, புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கிற நேரம் பார்த்து, முன்வரிசை நடுவில் நின்று மீசையை நீவுவார். எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாரோ!

எங்கள் புடாபெஸ்டில் இந்த இனம் நன்றாகச் செழிக்கும். பெண்ணுரிமைச் சங்கத்துக்கு இருபதாம் ஆண்டு விழா என்று செய்தித்தாளில் நான்கு வரி வந்ததுதான் தாமதம், செயலாளர் இர்மாவின் மேசையில் கடிதம் குவிந்துவிட்டது. எல்லாரும் முதல் கூட்டத்துக்கு வந்தவர்களாம்! எண்ணிப் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம் பேர். கூட்டம் நடந்த மாடியறையில் இருந்தவையோ பதினொரு நாற்காலிகள். மற்றவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், ஜன்னல் கம்பியிலா?

இர்மாவின் தலைவலி வேறு. முதல் பதினொரு பேரின் பெயரைப் பளிங்குக் கல்லில் செதுக்கி விழாவன்று திறக்க வேண்டும். பழைய வருகைப் பதிவேட்டில் பத்துக் கையெழுத்து இருந்தது. பதினோராவது இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். இர்மா சங்கத்தில் சேர்ந்தது மூன்று வருஷம் கழித்து. அது யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் கல்லறையில், பாதிப் பேர் வெளிநாட்டில். வியன்னாவிலிருந்து ஒருத்தி மட்டும் பதில் எழுதியிருந்தாள்: "யாரோ ஒருவர் கடைசியாக வந்து மூலையில் உட்கார்ந்தார். முகம் நினைவில்லை. அடுப்பு எரியாததும், ஒரு வாய் காபிகூடக் கிடைக்காததும் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது."

கல் செதுக்குபவர் வெள்ளிக்கிழமை மதியம் வரைதான் பொறுப்பேன் என்றுவிட்டார். எவரோ அந்தக் குளிரில் உட்கார்ந்து, ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் குறி போட்டிருக்கிறார். அந்த இடத்தில் தப்பான ஆளின் பெயர் ஏறிவிட்டால்? நினைக்க நினைக்க இர்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தார் ஹல்மாய் தெஷோ. ஓய்வுபெற்ற அரசு ஆலோசகர். விலங்கு ரோமத்தில் கழுத்துப்பட்டை வைத்த மேலங்கி, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. வந்ததும் இர்மாவின் கையை எடுத்து முத்தமிட்டார்.

"கைக்கு முத்தம், அம்மணி! அந்தப் பெருக்கல் குறி நான்தான்."

"நீங்களா?"

"பேரு போட்டா விளம்பரமாயிடுமேன்னு ஒரு கூச்சம். அடக்கம் எங்க பரம்பரை வியாதி."

அடக்கமாம்! தம் பெயர் கல்லில் எத்தனை அங்குல உயரத்தில் வரவேண்டும் என்பதைத் தாளில் வரைந்தே கொண்டுவந்திருந்தார் மனிதர்.

இர்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். "அன்னிக்கு என்ன கேக் குடுத்தாங்க, ஐயா?"

"கேக்கா? அதை மறக்க முடியுமா! கசகசா ரோல் ஒரு தட்டு, வால்நட் ரோல் ஒரு தட்டு. நான் ரெண்டு துண்டு சாப்பிட்டேன். அடுப்பு திகுதிகுன்னு எரியுது, கோட்டையே கழட்டிட்டேன்னா பாத்துக்குங்க. தலைவியம்மாவுக்கு நாக்கு எழும்பல. 'தைரியமாப் பேசும்மா'ன்னு சொன்னதே நான்தான்."

பொய்யின் சாயம் வெளுத்துவிட்டது. ஆனால் பொய்யரை அனுப்பிவிட்டால் சரியான பெயர் தானாக வந்துவிடுமா? இர்மா பெருமூச்சு விட்டாள். அவரோ விடுவதாயில்லை. "வாங்க, அந்த ஜன்னலையே காட்டுறேன். அப்ப அந்த வீடு என்னோடதுதான்!" என்று அழைத்துக்கொண்டு போனார். அவர் சொன்னதில் அது ஒன்று மட்டும் உண்மை.

வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை கஷ்கொட்டை வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆலோசகர் கைத்தடியால் மாடியைக் காட்டி முழுக் கதையையும் மறுபடி முழங்கினார். ரோல் இப்போது மூன்று துண்டாகியிருந்தது. வறுத்துக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"எந்தக் கூட்டம் ஐயா? மாடியில பொம்பளைங்க கூடினாங்களே, அதுவா?"

"ஆமா. உனக்கென்ன அதைப் பத்தி?"

"அடக் கடவுளே, அடுப்பு எரிஞ்சிச்சாம்! அதைப் பத்தவைக்கப் போன வேலைக்காரியே நான்தான். விறகறைச் சாவி கேட்டு உங்க கதவு முன்னாடி அரைமணி நேரம் நின்னேன். 'பொம்பளைங்க வாயடிக்க என் விறகு எரியணுமா, போடி'ன்னு கதவைச் சாத்தினது யாரு, நானா?"

"அப்புறம்?" என்றாள் இர்மா.

"அப்புறம் என்ன, வெறுங்கையோட மேல போனேன். 'பரவால்ல, நீயும் உக்காரு'ன்னாங்க. அதுவரைக்கும் அந்த வீட்டுல என்னை ஒருத்தர் உக்காருன்னு சொன்னதில்லம்மா. ஒரு நாற்காலி மிச்சம் இருந்திச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. எனக்கு எழுதத் தெரியாது, ரெண்டு கோடு இழுத்தேன். மறுநாளே இவரு என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டாரு. அன்னைக்குப் பட்ட குளிரு போதும்னுதான் நெருப்புப் பக்கத்துலயே பொழப்ப வச்சிக்கிட்டேன்."

"உங்க பேரு என்னம்மா?"

"சிக்மோன் போர்பாலா. ஏன், போலீசுல சொல்லப் போறீங்களா?"

இர்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆலோசகர் வெட்கிப் போயிருப்பார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. ஒரு கஷ்கொட்டையை எடுத்து நிதானமாகத் தோலுரித்தார்.

"பாத்தீங்களா அம்மணி! நான் விறகு குடுத்திருந்தா இவ அடுப்பப் பத்தவச்சிட்டுக் கீழ போயிருப்பா. பதினோராவது ஆளை உக்கார வச்சது யாரு? நான்தானே!"

மதியத்துக்குள் கல் செதுக்குபவருக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. விழாவன்று திரை விலகியதும், "இதுல எது நானு?" என்று காதோடு கேட்டாள் போர்பாலா. இர்மா அந்தக் கரிபிடித்த கையை எடுத்துப் பதினோராவது வரியின் மேல் வைத்தாள். பிறகு குனிந்து அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தாள். போர்பாலா ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

அன்று எடுத்த புகைப்படம் சங்க அலுவலகத்தில் தொங்குகிறது. முன்வரிசை நடுவில் மீசையை நீவுபவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிரிக்கிறீர்கள், நல்லது. நானாயிருந்தால் அன்றைக்கே சாவியைக் கொடுத்திருப்பேன், மேலே போய் ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பேன் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? நம்புகிறேன், நிச்சயமாக நம்புகிறேன். ஆமாம், உங்கள் சட்டைப்பையில் என்னவோ கிணுகிணுக்கிறதே, அது என்ன?