புரதம் ஏறினால் ஒரு சேவல்

பழங்காநத்தம்,
மதுரை.

நாமக்கல் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கும் அன்பு மைத்துனர், மாப்ள செல்வக்குமாருக்கு உன் அக்கா வீட்டுக்காரன் பேயாண்டி எழுதுவது. அங்கே நீயும் தங்கச்சி தாமரைச்செல்வியும் பிள்ளைகளும், உன் பொறுப்பில் உள்ள கோழிகள் அத்தனையும் சுகமாக இருக்க உங்கள் வீட்டுக் கருப்பசாமி துணை நிற்கட்டும். இங்கே உன் அக்கா முத்துத்தாய் சுகம். அவள் வளர்க்கும் சேவல் மிக மிகச் சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை.

போன் இருக்கும்போது இந்த ஆள் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். கண்டக்டராக இருந்து கத்திப் பழகிய தொண்டை மாப்ள இது. நான் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் டிக்கெட் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ எனக்கு முன்னால் உன் அக்கா படித்துவிடுவாள்.

எனக்குக் குடல் இறங்கிக் கிடப்பது உனக்குத் தெரியும். ஒரு தும்மல் போட்டால் உயிர் வெளியே போய் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. ஆபரேசனுக்கு நாள் குறிக்கப் போனோம். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "புரதம் ரொம்பக் கம்மியா இருக்கு. இப்பக் கத்தி வச்சா புண்ணு ஆறாது. ஏத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாப்பாட்டுக்கு யோசனை சொல்ல அங்கே பாண்டிமீனா என்று ஒரு பொண்ணு இருக்கிறது, தங்கமான பொண்ணு. "ஐயா, முட்டையில இருக்குற புரதத்த உடம்பு வீணாக்காம அப்படியே எடுத்துக்கும். மஞ்சக்கருவத் தூக்கிப் போட்றாதீங்க, அதுலயும் அம்புட்டுச் சத்து இருக்கு. கோழிய தோலை உரிச்சுட்டுக் குழம்பு வச்சுச் சாப்பிடுங்க, லேசாச் செரிக்கும், புண்ணு ஆறச் சதை வளரும்" என்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆஸ்பத்திரி எனக்குப் பிடித்ததை மருந்தாகச் சொல்கிறதே என்று ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தேன். அந்தச் சிரிப்பு வீட்டு வாசல் வரைக்கும்தான் வந்தது.

"கடைக்கோழி வேணாம், ஊசி போட்டு வளத்தது" என்றாள் உன் அக்கா. "உன் தம்பியே பண்ணையில இருக்கான், அப்படியெல்லாம் ஊசி போடுறதில்லன்னு அவனே சொல்லிருக்கான்" என்றேன். "அவன் சின்னப் பய, அவனுக்கு என்ன தெரியும்?" என்றுவிட்டாள். (கோவிக்காதே, அவள் சொன்னதைச் சொல்கிறேன்.) மறுவாரமே சந்தைக்குப் போய் நாட்டுக்கோழிகளும் ஒரு செவலைச் சேவலும் வாங்கி வந்து மொட்டை மாடியில் விட்டாள். சரி, இனி நமக்கு நல்ல காலம் என்று உட்கார்ந்திருந்தேன். அதோடு விட்டாளா? சேவலைத் தூக்கி மஞ்சத்தண்ணி தெளித்து, "கருப்பா, எங்க வீட்டுக்காரருக்குப் புரதம் ஏறட்டும், உனக்கு இந்தச் சேவலை அறுத்துப் பொங்க வைக்கிறேன்" என்று நேர்ந்துவிட்டாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், மடையன். அப்புறம்தான் அடுத்த சட்டம் வருகிறது. சாமிக்குச் செலுத்துகிற வரைக்கும் வீட்டில் முட்டை கூடாது, கறி கூடாது, கவிச்சியே கூடாதாம். "சாமிக்குன்னு ஒண்ண நேந்து விட்டுட்டு, அவருக்கு முன்னாடி நாம கை வைக்கலாமா?" என்கிறாள். மாப்ள, நீயே சொல்லு. கோழி தின்றால்தான் புரதம் ஏறும். புரதம் ஏறினால்தான் சேவலை அறுக்கலாம். சேவலை அறுத்தால்தான் கோழி திங்கலாம். இந்த பஸ் எங்கேயிருந்து கிளம்பும், எங்கே போய் நிற்கும்? பயறு, பருப்பு என்று போனால் வயிறு ஊதிக்கொள்கிறது. குடல் இறங்கியவனுக்கு வாயு எமன்.

அந்தச் சேவல் இருக்கிறதே, அதற்குக் கம்பு, கருவாட்டுத் தூள், போதாததற்கு அவித்த முட்டை! "அது சாமி கோழி, அதுக்குத் தடை கிடையாது" என்கிறாள். நான் காயப்போட்ட துண்டை எடுக்க மாடிக்குப் போனால், மஞ்சக்கருவை மூக்கில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கொக்கரிக்கிறது. இம்புட்டுக் கேவலத்தை நான் எந்த செக்கிங் இன்ஸ்பெக்டரிடமும் பட்டதில்லை. மற்ற கோழிகளாவது பெருகுமா என்றால், அடை வைக்கிற முட்டை எல்லாம் கூமுட்டையாம். கோழிகளும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. கேட்டால் கீரி தூக்கிட்டுப் போச்சாம். பழங்காநத்தத்தில், மூணாவது மாடியில், கீரி!

சாப்பாடும் முன்ன மாதிரி இல்லை. தோசை மொறுமொறுவென்று வருவதே கிடையாது. மஞ்சமஞ்சேளென்று மெத்தை மாதிரி வருகிறது. வெந்தயம் கூடிப்போச்சு என்கிறாள். கீரி வந்து போகிற நாளில் ஒரு மிளகு ரசம் வைக்கிறாள், மேலே எண்ணெய் மிதக்கிறது. ரசத்துக்கு எதுக்குடி இம்புட்டு எண்ணெய் என்றால், பேசாமக் குடிங்க என்கிறாள். மூக்குப்பொடி போட்டு என் மூக்கு செத்து ரொம்ப நாளாகிறது, வாசனையும் தெரியாது. பசிக்குக் குடித்துத் தொலைக்கிறேன்.

பொறுக்கமாட்டாமல் போன வாரம் ஆரப்பாளையம் வரைக்கும் போனேன். நமக்குத் தெரிந்த முகம் இல்லாத கடையாகப் பார்த்து ஒரு முட்டைக் கலக்கி சொன்னேன். இலையில் வந்து விழுந்தது, மிளகு மினுங்க, தளதளவென்று. கையை வைக்கப் போகிறேன், "ஏண்ணே, வேண்டுதல் இருக்குன்னு முத்துத்தாய் சொல்லுச்சு?" என்று ஒரு குரல். எதிர்வீட்டு அன்னக்கொடி, பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடிக்க வந்திருக்கிறது. "சும்மா பாக்க வந்தேம்மா" என்றேன். இலையோடு வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன் மாப்ள. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகால் இல்லை.

நேற்று மறுபடியும் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முன்னைவிட இறங்கித்தான் இருக்கும். இப்படியே போனால் நான் ஒரு தும்மலில் போய்ச் சேருவேன், அந்தச் சேவல் என் கருமாதிக்கும் வந்து நின்று கொக்கரிக்கும். அது உங்கள் வீட்டுச் சாமி. நீ ஆம்பளப் பிள்ளை, நீ சொன்னால் எடுபடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்து, வேண்டுதலை முன்கூட்டியே செலுத்தலாம், சாமி குத்தம் ஆகாது என்று உன் அக்காவிடம் எடுத்துச் சொல்லு. உனக்குக் கோடிப் புண்ணியம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். நோய் நொடி இல்லாமல், பல்லும் பசியும் உள்ளபோதே நல்லது பொல்லது தின்று, நூறு வருசம் இருங்கள்.

இப்படிக்கு,
பசியோடு
பேயாண்டி

பி.கு.: கடுதாசியை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிவிட்டார்கள். போனேன். புரதம் ஏறிவிட்டது! அடுத்த வாரம் ஆபரேசன். கருப்பன் செய்த அற்புதம் என்று உன் அக்காவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தேன். எனக்கு முன்னால் அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"கருப்பா, அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. தோசையில முட்டைய அடிச்சு ஊத்துனது நான். கீரி மேல பழியப் போட்டுட்டுக் கோழிய அறுத்து ரசத்துல விட்டது நான். தும்முறப்பல்லாம் சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக, பாக்க முடியல சாமி. பாவம் எனக்கு வரட்டும், ஏறுன புரதம் அவுகளுக்கு நிக்கட்டும்."

சத்தம் காட்டாமல் பின்வாங்கிவிட்டேன். அவள் அடுப்படிக்குப் போனதும் நான் போய் நின்று, "சாமி, மொத நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தின்னேன்" என்றேன். பச்சைப் பொய்தான். இந்தத் தொண்டையில் முதல் தடவையாக ரகசியம் வந்தது.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காதே. இப்போதுதான் தோசை கொண்டுவந்து வைத்தாள், மஞ்சளாக. "வெந்தயம் நல்லாச் சேந்துருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வா. வரும்போது நல்ல நாட்டுச் சேவலாக இன்னொன்று பிடித்து வா. அது கருப்பனுக்கு, என் பேரில்.