கடைசி அத்தியாயத்துப் பணக்காரன்

தொடர்கதை ஏழைக்காக அழுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வியாழக்கிழமை வாரப் பத்திரிகை வந்து விழுந்ததும், அடுப்பில் குழம்பு தீய்வதைக்கூடப் பொருட்படுத்தாமல், டிரைவராக வரும் கதாநாயகனைப் பங்களாக்காரர்கள் அவமானப்படுத்தும் இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கங்களைப் பைண்டு செய்வதற்குப் பத்திரமாகக் கிழித்து வைக்கிறார்களே, அவர்கள்தான். இளகிய மனசு. சந்தேகமே இல்லை. ஆனால் அந்த டிரைவர் உண்மையில் மில் முதலாளியின் ஒரே மகன் என்பது இவர்களுக்கு முதல் வாரமே தெரியும். தெரியாவிட்டால் இவ்வளவு தாராளமாக அழுகை வருமா?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தனபாலனின் மனைவி தங்கபுஷ்பம் இந்த இனத்தில் முதல் தரம். பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் பில் போடும் கனகராஜைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று மகள் மீனாட்சி சொன்னபோது, அம்மாள் கோபிக்கவே இல்லை. அவனை வீட்டுக்கு அழைத்து இட்லி வைத்தாள். இரண்டே போதும் என்றான். நகத்தில் அழுக்கில்லை. மாறுவேஷத்துக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

"உங்க அப்பா என்ன செய்யுதாவ, தம்பி?"

"சிந்தாதிரிப்பேட்டைல சைக்கிள் ரிப்பேர் பண்ணிக்கினு கீறாரும்மா. வூடு ஒரே ரூம்புதான்."

பேச்சைக்கூட எப்படிப் பழகி வைத்திருக்கிறான் என்று அம்மாள் பூரித்துப் போனாள். "பணமா பெருசு? குணம்தான் பெருசு" என்று கண் கலங்கி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொன்னாள்.

முறைப்படி மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவரப் போன தனபாலன் சாயந்தரம் திரும்பினார்.

"பையன் சொன்னது அத்தனையும் உண்மை" என்றார்.

தங்கபுஷ்பம் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டானே. ஏழைன்னு சொன்னான், பாத்தா நெசமாவே ஏழையால்ல இருக்கான்."

"அவர் ஒரு பொய்யும் சொல்லலியேம்மா" என்றாள் மீனாட்சி.

நிச்சயதார்த்தம் நின்றது. அந்த வாரப் பத்திரிகையில் டிரைவரை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள்; தங்கபுஷ்பம் தேம்பித் தேம்பி அழுதாள். அடுத்த அறையில் மீனாட்சியும் அழுதுகொண்டிருந்தாள். அது அம்மாள் காதில் விழவில்லை என்பதில்தான் எனக்குக் கோபம்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும், கனகராஜ் ஏதோ ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை என்று கடைசியில் தெரியவந்து எல்லாம் சுபமாக முடியும் என்றுதானே இதுவரை படித்துக்கொண்டு வந்தீர்கள்? அது நடக்காது. அவன் நாளைக்கும் பில்தான் போடுவான். இப்போது சொல்லுங்கள், மீனாட்சி உங்கள் பெண்ணாக இருந்தால்?