கட்டுச்சோற்றுக்குப் போக மறுக்கும் வண்டி

முருகன் துணை

திருப்பூர்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி பொன்னுச்சாமி அவர்களுக்கு, கருப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மருதம்மாளும் கம்பெனியில் உள்ள பதினெட்டு தையல் மெஷின்களும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, எண்ணெய் மில், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் எங்கள் அனுப்ரியா, எல்லோரும் சுகமாக இருக்கச் சிவன்மலையான் அருள் செய்வான். போனில் பேசாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுச் சம்பந்தியம்மாவும் கூட இருந்து கேட்பது நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் இது அவர்கள் காதுக்குப் போகக் கூடாத சமாச்சாரம் என்பதால் மில் விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

சமாச்சாரம் வண்டிதான். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, இரண்டு வருடம் உங்கள் வாசலில் பசு மாதிரி நின்று, போன மாதம் எங்களிடம் வந்து சேர்ந்த ஆட்டோமேடிக் வேன். வண்டியைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்ல மாட்டேன். கதவு தானாகத் திறக்கிறது, தானாகச் சாத்திக்கொள்கிறது. உள்ளே உட்கார்ந்தால் ஓடுவதே தெரியவில்லை. ஓடினால்தானே தெரிவதற்கு.

வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு. நாங்கள் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு காங்கேயம் வந்து, ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் பரிமாறி, அனுப்ரியாவைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். "எம் மருமக குலுங்காம போகோணுமுங்க. அந்த வேன்ல வந்தா அனுப்பறேன். வேற வண்டின்னா பிரசவத்தை இங்கயே பாத்துக்கறோமுங்க" என்று சம்பந்தியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வராமல் போனால் மருதம்மாள் என்னை என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் டிரைவர் கைருதீனை உங்களுக்குத் தெரியுமே, இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனி டெம்போவில் கியர் போட்டுப் போட்டு ஒரு தோள் இறங்கிப் போன மனிதர். இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது. அவருடைய இடது கால் அதை நம்பாமல் கிளட்சைத் தேடித் தேடிப் பிரேக்கை மிதித்ததில் முதல் நாளே என் மூக்கு முன் சீட்டில் போய் மோதியது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இடது காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டு, வலது காலால் மட்டும் ஓட்டினார். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அருள்புரம் தாண்டுகிறோம், காலி ரோடு, முன்னால் ஒரு கோழி கூட இல்லை, பீப் பீப் என்று கத்திவிட்டு வண்டி தானாகவே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு ஜப்பான்காரம்மா குரல் ஏதோ சொல்கிறது. பின்னால் வந்த பல்லடம் பஸ் டிரைவர் எங்கள் வம்சத்தைப் பற்றி வேறு ஏதோ சொல்கிறார். கைருதீன் இரண்டு காலையும் தூக்கிக் காட்டி, "நான் மிதிக்கவே இல்லீங்க மொதலாளி" என்றார்.

சாவி கொடுத்த அன்று சம்பந்தியம்மா தன் கையாலேயே வண்டியின் மூக்குமேல், நட்டநடுவில், நாக்கைத் தொங்கப் போட்ட திருஷ்டி முகம் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டி, "கண்ணு பட்டுருமுங்க, இதைக் கழட்டவே கூடாது" என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வளவு பெரிய முகம் இருந்தும் வண்டி நிற்கிறது என்றால் பட்ட கண் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று மருதம்மாள் யோசித்தாள். யோசித்து, அந்த முகத்துக்குக் கீழே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள். மறுநாள் மைலுக்கு ஒருதரம் நின்ற வண்டி பர்லாங்குக்கு ஒருதரம் நின்றது. உடனே சிவப்புத் துணியில் படிகாரம். அதற்கும் மசியவில்லை என்று ஆகாசகருடன் கிழங்கு, இளநீர் அளவுக்கு ஒன்று. கைருதீன் தலையைச் சொறிந்துகொண்டு, "முன்னாடி கட்டுனதைச் சித்தெ கழட்டிப் பாக்கலாமுங்களா?" என்றார். "ஏனுங்க, சம்பந்தியம்மா கட்டுனதையா? நாளைக்கு அவிய கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?" என்று மருதம்மாள் கேட்டாள். மறுநாள் கைருதீன் தன் வீட்டம்மா அஜீஸுன்னிசா ஓதிக் கொடுத்தனுப்பிய தாயத்து ஒன்றைக் கொண்டுவந்து, நம்மாலானது என்று அவரும் கட்டினார். நல்ல மனுசன்.

நேற்று ஒத்திகை பார்த்தோம். அனுப்ரியா உட்காரவேண்டிய நடு சீட்டில் மருதம்மாள் உட்கார்ந்தாள். வயிற்றுப் பிள்ளைக்குப் பதிலாக மடியில் ஒரு சட்டி தயிர். தயிர் அலுங்காமல் போனால் பிள்ளையும் அலுங்காமல் வரும் என்பது அவள் கணக்கு. கேட்டைத் தாண்டியதும் ஒருதரம், பிள்ளையார் கோவில் முக்கில் ஒருதரம், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருதரம். மூன்றாவது தடவையில் சட்டி மட்டும் மடியில் இருந்தது. தயிர் கைருதீன் தாடியிலிருந்தது, கூரையிலிருந்தது, என் கண்ணாடியிலிருந்தது. ஜப்பான்காரம்மா சாவகாசமாக மறுபடியும் அதையே சொன்னாள். "என்ன சாமி வேணும் உனக்கு, வாயத் தொறந்து சொல்லேன்" என்று மருதம்மாள் அழுதுவிட்டாள். தயிர் போனால் போகிறது, நம் பிள்ளை உட்காரும் இடமல்லவா அது?

இன்றைக்குக் காலையிலிருந்து ஷெட்டை விட்டே நகரவில்லை, பிடித்து வைத்த பிள்ளையார்தான். ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது, எப்படியாவது சம்பந்தியம்மாவிடம் பேசி, வேறு வண்டியில் அனுப்ரியாவை அழைத்துவர உத்தரவு வாங்கித் தரவேண்டும். உங்கள் சொந்த யோசனையாகச் சொல்லவும். நான் சொன்னதாகத் தெரியக் கூடாது. முடிந்தால் இந்த வேனையும் திரும்ப எடுத்துக்கொள்ளவும்.

மாப்பிள்ளைக்கும் அனுப்ரியாவுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்குத் தனியாக, கூடுதலாக, எங்கள் வணக்கம். எல்லாம் நல்லபடியாக நடக்க முருகன் முன்னால் நிற்கட்டும்.

இப்படிக்கு,
கருப்புசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் கோயமுத்தூர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிருத்திகா என்றொரு பெண் லேப்டாப்போடு வந்தது. வண்டி முன்னால் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங் சார், வண்டிக்குக் கல்யாணமுங்களா?" என்று கேட்டது. அந்த மூக்குக்குப் பின்னால்தான் வண்டிக்குக் கண் இருக்கிறதாம். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு எவனோ குறுக்கே நிற்கிறான் என்று பயந்துதான் அது பிரேக் போட்டதாம். ஜப்பான்காரம்மா பேசுவதை அந்தப் பெண் போனில் பிடித்துத் தமிழாக்கிக் காட்டியது. "முன்பக்கம் ஏதோ மறைக்கிறது, தயவுசெய்து அகற்றவும்." மூன்று வாரமாக மரியாதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கழட்டி ஒரு பக்கெட்டில் போட்டுவிட்டுப் பல்லடம் வரை ஓட்டினோம். ஒரு செம்பு தண்ணீர் தளும்பவில்லை. எனவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும், வண்டி தங்கம், திருப்பித் தரமாட்டேன், அனுப்ரியா அதில்தான் வருவாள்.

ஆனால் திருஷ்டி கழிக்காத வண்டியில் மகளை ஏற்றமாட்டேன் என்று மருதம்மாள் நிற்கிறாள். சம்பந்தியம்மா வேறு அந்த முகம் எங்கே என்று கட்டாயம் தேடுவார்கள். பின்னால் வருகிற பஸ்காரன் கண்தான் பொல்லாத கண் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என, அந்தப் பெண் கிளம்பிப் போனதும், பக்கெட்டில் இருந்ததையெல்லாம் வண்டியின் பின்பக்கம் கட்டிவிட்டோம். இப்போது முன்னால் வெண்ணெய் மாதிரி போகிறது. ரிவர்ஸ் மட்டும் ஒரு அடி கூட எடுக்க முடியவில்லை. பின்பக்கமும் அதற்குக் கண் இருக்கிறதாம், போன் பண்ணிக் கேட்டபிறகு அந்தப் பெண் சொல்கிறது.

உங்கள் வாசலில் பந்தல் போட்டால் வண்டி திருப்ப இடம் இருக்காது. ஆகவே, வந்த வண்டி அப்படியே நேராக வெளியே போக, வியாழக்கிழமைக்குள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பொடக்காலிச் சுவரை ஒரு வேன் போகிற அகலத்துக்கு இடித்து வைக்கவும். சம்பந்தியம்மா கேட்டால் வாஸ்து என்று சொல்லிவிடுங்கள்.