டபுள் கிளிக்கில் போய்ச் சேர்ந்த தாய்மாமன்

அரைகுறையாகத் தெரிந்தவனிடம் கம்ப்யூட்டரைக் கொடுப்பதும் கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வதும் ஒன்றுதான். இந்தக் கதையில் கொள்ளிக்கட்டை நான். தலை, என் மைத்துனன் செல்வத்துடையது.

செல்வம் பொன்னமராவதியில் பிளெக்ஸ், போஸ்டர் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி இவைதான் பிழைப்பு. முதல் இரண்டுக்கும் நாள் குறிப்பார்கள். மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாடி எடுப்பதற்குள் போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் படத்தைத் திறந்து, கறுப்பு வெள்ளையாக்கி, மாலை போட்டு, விளக்கு ஏற்றி அவன் படும் பாட்டைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. (கேட்டிருக்கலாம்.)

நான் கீரனூரில் கணக்கு வாத்தியார். யூடியூபில் ஒருவர் விண்டோஸின் ரிஜிஸ்ட்ரி என்கிற உள்ளறையைப் பற்றி விளக்கியிருந்தார். எந்த வகைக் கோப்பை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும், ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் தன் விதிகளை எல்லாம் எழுதி வைத்திருக்கும் இடம் அது. முதலில் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர் ஆரம்பித்தார். விளம்பரம் என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், ரிஜிஸ்ட்ரியில் சின்ன மாற்றம் செய்யப் போகிறேன் என்றேன்.

"வில்லங்கம் பாத்துட்டீங்களா அத்தான்?" என்றான் செல்வம், பத்திர ஆபீஸ் ஞாபகத்தில். நான் சிரித்தேன். அன்று அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அதுதான்.

வேலை அழகாக முடிந்தது. எந்தப் போட்டோ மீது ரைட் கிளிக் செய்தாலும் பட்டியலில் 'அஞ்சலி' என்று ஒரு வரி. அதைத் தொட்டால் நிறம் போகும், மாலை விழும், விளக்கு எரியும், போஸ்டர் பிரிண்டரில் வந்து விழும். சாகிற வேலை ஒன்றை மட்டும் சம்பந்தப்பட்டவர் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு பிசகு. 'வழக்கமான செயல்' எது என்று குறிக்கும் கட்டம் காலியாக இருந்தது. பார்க்க நன்றாயில்லையே என்று அதிலும் 'அஞ்சலி' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன். அதாவது, இனி எந்தப் போட்டோவை டபுள் கிளிக் செய்தாலும் படம் திறக்காது. ஆள் போய்ச் சேர்வார்.

மறுநாள் கடைக்கு மணிமாறன் வந்தார். அக்கா மகனின் காதுகுத்துக்காகவே சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்த தாய்மாமன். விடிந்தால் விழா. கூலிங் கிளாஸ் போட்ட தன் படத்தைக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டையே மறைக்கிற மாதிரி ஒரு பிளெக்ஸ் கேட்டிருக்கிறார். செல்வம் படத்தை டபுள் கிளிக் செய்தான். ஒன்றும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் நாமெல்லாம் என்ன செய்வோமோ அதையே செய்தான்: மறுபடி மறுபடி தட்டினான்.

பிரிண்டர் இரைந்தது. வந்து விழுந்ததை மணிமாறனே கையில் எடுத்தார். கூலிங் கிளாஸ், மாலை, கண்ணீர் அஞ்சலி. அடுத்ததிலும் அவரே. அதற்கடுத்ததிலும்.

"தம்பி, நான் இங்கிட்டுத்தானே நிக்கிறேன்?" என்று சந்தேகத்தோடு கேட்டாராம்.

விஷயம் அவருடைய அம்மா காதுக்குப் போனது. சகுனம் சரியில்லை, மகன் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமன் வராவிட்டால் பிள்ளையை உட்கார வைக்க மடி இல்லை. மடி இல்லாவிட்டால் காதுகுத்தே இல்லை. நாளைக்கு விழா நின்றால் கடையும் நிற்காது என்று அக்கா வீட்டார் வந்து சொல்லிப் போனார்கள்.

செல்வம் போனில் என்னைத் திட்டவில்லை. "பஸ்ஸப் புடிச்சு வாங்க அத்தான்" என்றான், ரொம்ப மரியாதையாக. அதுதான் பயமாக இருந்தது.

வந்தேன். பிழையை அழிக்கிறேன் என்று ரிஜிஸ்ட்ரிக்குள் இறங்கி, பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து அழித்தேன். அதன் பின் எந்தப் புரோகிராமும் திறக்கவில்லை, ரிஜிஸ்ட்ரியைத் திறக்கும் புரோகிராம் உட்பட. (சாவியை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். நான் பூட்டு ரிப்பேர்காரரையும் உள்ளே வைத்துப் பூட்டினேன்.) இப்போது மாமனும் இல்லை, பிளெக்ஸும் இல்லை.

வேறு வழியின்றி மணிமாறன் வீட்டு வாசலில் போய் நின்றோம். நான் ரிஜிஸ்ட்ரி பற்றி விளக்க ஆரம்பித்ததுமே அவர் கையமர்த்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த மூஞ்சியப் பாரு. ஒரு படத்த ஒழுங்காத் தொறக்கத் தெரியல. இவரா என் உசுர எடுக்கப் போறாரு?"

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரித்துவிட்டார். என் முகம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்றுதான். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார்: கொன்ன ஆளே சீர்த்தட்டைச் சுமந்து வர வேண்டும்.

மறுநாள் மேளத்துக்குப் பின்னால் வாழைப்பழத் தட்டோடு நடந்தேன். பிளெக்ஸ் இல்லாத குறையை மணிமாறன் வாயாலேயே தீர்த்துக்கொண்டார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "இவருதான் என்னயப் போட்டவரு" என்று அறிமுகம் வேறு. பிள்ளைக்கு மாமன் மடியில் காது குத்தினார்கள். மூக்கு அறுபட்டது எனக்கு.

அன்றிலிருந்து என் மனைவி வீட்டில் யாராவது போனை எடுக்கவில்லை என்றால், "அத்தான் டபுள் கிளிக் பண்ணிட்டாரா?" என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் நெஞ்சு வலி என்று என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். (வாயுதான்.) செல்வம் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தான். கட்டிலருகே மூச்சு வாங்க நின்று, என்னைப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டான்:

"என்னக்கா, அவரையே அவரு தட்டிக்கிட்டாரா?"