கண்ணம்மாள் கிளம்புகிறாள்

"நான் வாரேன். ஆனா ஆடுக முதல்ல ஏறணும்" என்றாள் கண்ணம்மாள்.

ராயப்பராஜ் சார் தான் ஓட்டி வந்த குட்டியானை வண்டியைத் திரும்பிப் பார்த்தார். வடமதுரைக்குப் பக்கத்தில் குளம் உடைந்திருந்தது. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரான அவர், ஊர்ப் பேரிடர் உதவிக் குழுவில் சேர்ந்த பிறகு வந்த முதல் வெள்ளம் இது. மற்றவர்கள் கயிற்றோடும் படகோடும் ஓடைத் தெருவுக்குப் போயிருந்தார்கள். குழுத் தலைவன் டோனி அவரை மட்டும் தனியே கூப்பிட்டான்.

"சார், மேலத் தெருவுல கண்ணம்மாக்கா கிளம்ப மாட்டேங்குது. எந்நேரமும் அங்க தண்ணி ஏறலாம். வாத்தியார் சொன்னாத்தான் கேக்கும்."

ஆடுகள் மொத்தம் பதினொன்று.

"முகாம்ல ஆட்டுக்கு இடமில்லம்மா."

"அப்ப எனக்கும் வேணாம்."

ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார். பத்து ஏறிவிட்டன. பதினொன்றாவது துள்ளிப் போய் வைக்கோல் படப்பின் உச்சியில் நின்றுகொண்டது. சார் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மேல ஏறாதீங்க சார்" என்று கண்ணம்மாள் பதறினாள். "கீழ நின்னே கூப்பிடுங்க."

வேப்பங்குழையை ஒடித்து ஆட்டிக் காட்டினார். படப்பில் நின்ற ஆடு அசையவில்லை. வண்டியிலிருந்த பத்தும் குழையைப் பார்த்துவிட்டுக் கீழே குதித்தன.

மறுபடி முதலிலிருந்து ஏற்றினார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் போயின. படப்பிலிருந்து தானாகவே இறங்கி வந்த கடைசி ஆட்டையும் ஏற்றிப் பின்கதவைப் பூட்டியபோது கண்ணம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"அந்த வெள்ளக்குட்டி நம்மளது இல்ல சார். பக்கத்து வீட்டு ஜோஸ்பினோடது."

பின்கதவைத் திறந்தார். வெள்ளைக்குட்டி மட்டும் உள்ளேயே நின்றது. மற்றவை இறங்கிவிட்டன.

மூன்றாம் தடவை ஏற்றி முடித்ததும், "சோறு வடிச்சிட்டேன். ரெண்டு வாய் சாப்ட்டுப் போவோம்" என்றாள்.

சார் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்க புள்ளகுட்டியோட ஆளுக கூரை மேல நிக்கிறாங்கம்மா. ஏதாச்சும் உதவியா இருக்கலாம்னுதான் இந்தக் குழுவுல சேந்தேன். இங்க ஆடு மேச்சுக்கிட்டு இருக்கேன்."

கண்ணம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை அவர் கையில் கொடுத்து, கத்திரிக்காய் வெஞ்சனத்தை இன்னொரு கரண்டி வைத்தாள்.

"சாப்புடுங்க சார்."

பசித்தது. சாப்பிட்டார். அப்போது அவள் போன் அடித்தது. வீட்டுக்குப் பின்னால் போய், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள். ஆடு கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. வாசல் வரை கேட்டது.

"என்னப்பா டோனி, எல்லாரையும் கரையேத்தியாச்சா? நல்லது. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுசன, நீ சொன்னபடி தண்ணிப் பக்கமே விடாமப் பிடிச்சு வச்சிருக்கேன். இனி அவுத்து விட்டுரவா?"